உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

தூத்துக்குடியில் எந்த வீட்டில் எது கெட்டாலும் பழி உப்புக்காற்றின் மேல்தான் விழும். ஜன்னல் கம்பி இற்றுப்போனால் உப்புக்காற்று. மிக்சி ஓடாமல் நின்றால் உப்புக்காற்று. என் கணக்குப் பரீட்சை மார்க்குக்குக்கூட ஒரு முறை அதைச் சொல்லிப் பார்த்தேன், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. காற்று பாவம், எதிர்த்துப் பேசாது. எங்கள் வீட்டுக் காருக்கு வந்த கோளாறுகள் அத்தனைக்கும் அதுதான் பொறுப்பு.

கார் பெரியப்பாவுடையது. அவரும் அப்பாவும் சேர்ந்து கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்தார்கள். பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தார். காரை மெக்கானிக்கிடம் விடுவது அவருக்கு வீட்டுச் சண்டையைத் தெருவில் போய்ச் சொல்வது மாதிரி. எந்தக் கோளாறாக இருந்தாலும் வீட்டு முற்றத்தில் வைத்து அவரே பார்த்துவிடுவார்.

பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதலில் ஹாரனை அடிப்பார். ஹாரன் சளி பிடித்த மாதிரி முனகினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஹாரன் கணீரென்று ஒலித்தும் செல்ஃப் ‘டிக்’ என்று மட்டும் சொன்னால் பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறது என்று அர்த்தம். உடனே அடுக்களைக்குக் குரல் போகும். அம்மா வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்துக் கொண்டுவருவாள். அதை ஊற்றியதும் டெர்மினல் நுரைத்துப் பொங்கும். பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துடைத்து, வயரை இறுக்கி, மேலே வாசலின் தடவுவார். செல்ஃப் சுற்றியும் வண்டி பிடிக்கவில்லை என்றால் சாவியைப் பாதி திருப்பி, பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் ‘ம்ம்’ என்று முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். அந்த நேரம் வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது.

டார்ச் பிடிப்பது அப்பாவின் வேலை. சிறுவனாக இருந்தபோது அண்ணனின் சைக்கிளுக்குப் பிடிக்க ஆரம்பித்த டார்ச்சை அவர் காருக்கும் பிடித்தார். அண்ணன் எதிரே நாற்காலியில் உட்கார மாட்டார். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அப்பா காரில் ஒரு போல்ட்டைக்கூடத் தானாகத் தொட்டதில்லை. ஓட்டவும் தெரியாது. அத்தனை வருடம் டார்ச் பிடித்தவருக்குக் காரின் உள்ளும் புறமும் மனப்பாடம் ஆகியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் அப்பாவின் கைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்ப்பேன்.

“ஏளா, பொம்பளப் பிள்ளைக்கு இங்கன என்ன வேலை? உள்ள போ” என்பார் பெரியப்பா.

போவேன். போன வேகத்தில் திரும்பி வந்துவிடுவேன். அவரும் இரண்டாவது முறை விரட்ட மாட்டார்.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. சீனியைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் கருப்பட்டிக் காப்பி உண்டு, சுக்குக் கருப்பட்டி உண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு சில்லுக் கருப்பட்டி ஒரு துண்டும் உண்டு. கருப்பட்டி மருந்து, அது சர்க்கரையில் சேராது என்பது எங்கள் வீட்டில் கேள்வி கேட்காத நம்பிக்கை. கருப்பட்டி விற்றுச் சாப்பிடுகிறவர்கள் வேறு எப்படி நம்புவார்கள்?

நான் ஆறாவது படித்த வருடம், நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில் நேரம். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு உப்பு லாரி டயர் வெடித்து நின்றிருந்தது. பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று கருவேலங்கிளையை ஒடித்துச் சாலையில் போட்டிருந்தார்கள். பெரியப்பா அந்தக் கிளையின் மேலேயே ஏற்றினார். அம்மா “அத்தான்!” என்று கத்தினாள். கணவரின் அண்ணனை அவள் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டது அன்று ஒரு நாள்தான். கார் கிறீச்சிட்டு நின்றபோது லாரியின் பின்பலகையில் எழுதியிருந்த எழுத்தெல்லாம் எங்கள் கண்ணாடி முழுக்கத் தெரிந்தது.



“பிரேக்கு சரியாப் பிடிக்கல” என்றார் பெரியப்பா. “உப்புக் காத்துல பேடு இறுகிட்டு போலுக்கு.”

“ஆமாண்ணே. இறுகித்தான் இருக்கும்” என்றார் அப்பா.

மறுநாள் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, பிரேக்கை முழுக்கப் பிரித்துத் துடைத்தார்கள். எனக்குத் தெரிந்து அதில் ஒன்றும் இறுகியிருக்கவில்லை. ஒரு நட்டு பெரியப்பாவின் காலடியிலேயே கிடந்தது, அவர் தரையெல்லாம் கையால் தடவித் தேடினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரம் அண்ணனும் தம்பியும் திருநெல்வேலிக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது, இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் பல வருடங்கள் கழித்து அம்மா சொல்லித் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியப்பா புதுக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார் என்பதுதான். டாக்டர் சொன்னதை இரண்டு பேரும் கேட்டார்கள், இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஓட்டாதீர்கள் என்று அண்ணனிடம் சொல்லத் தம்பிக்கு வாய் வராது. தானாக நிறுத்த அண்ணனுக்கு மனம் வராது. பங்குனி உத்திரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் எல்லாரும் அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் சாஸ்தா நாசரேத்துக்கும் தெற்கே, தேரிக்காட்டுச் செம்மணலுக்குள் இருந்தார். சொந்தபந்தம் அத்தனையும் அங்கே கூடும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பி, பெரியப்பா காரைக் கோயில் வாசல் வரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். பூசாரி அவருக்குத் திருநீறு கொடுப்பதற்கு முன்னால் காரின் நெற்றியில் சந்தனம் வைப்பார். எனக்கு வருடத்தில் அந்த ஒரு நாள் முன் சீட்டு. சித்தப்பா பிள்ளைகள் வேனில் நசுங்கிக்கொண்டு வந்து இறங்குவதை அந்தச் சீட்டிலிருந்து பார்ப்பதற்காகவே நான் மற்ற நாட்களைக் கழித்தேன் என்று சொன்னாலும் பொய் இல்லை.

உத்திரத்துக்கு முந்தைய வாரம் கார் நின்றுபோனது.

முதலில் பேட்டரி வயர் கழன்றிருந்தது. பெரியப்பா ஹாரனை அடித்தார், சத்தமே இல்லை. பானட்டைத் திறந்து கையால் தடவினார், வயர் கையோடு வந்தது. இறுக்கினார். கார் கிளம்பியது. “உப்புக் காத்து” என்றார். டார்ச்சோடு நின்ற அப்பா, “ஆமாண்ணே” என்றார்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் நின்றது. இந்த முறை செல்ஃப் நன்றாகச் சுற்றியது, வண்டிதான் பிடிக்கவில்லை. பெரியப்பா சாவியைப் பாதி திருப்பிக் காது கொடுத்தார். பின் சீட்டுக்கு அடியில் ‘ம்ம்’ வரவில்லை. குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, வரிசையாக விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மூடியைப் போட்டுவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“பம்பு போயிட்டுலே. சாமான் வெளியூர்ல இருந்துதான் வரணும்.”

“உத்திரத்துக்குள்ள வராதேண்ணே” என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டே.

“வராது” என்றார் பெரியப்பா.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் எதிரில் நிற்பார். தெருவில் போகிறவர்கள், “என்ன அண்ணாச்சி, வண்டி மக்கர் பண்ணுதா?” என்பார்கள். “வயசாயிட்டுல்லா வண்டிக்கு” என்பார். கேட்கிறவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

எனக்கு அந்த விரல் நின்ற இடம் மட்டும் மறக்கவில்லை. உத்திரத்தன்று காலையில் எல்லாரும் குளிப்பதும் பொங்கல் பானையைக் கட்டுவதுமாக இருந்தபோது நான் காருக்குள் ஏறி, அந்த மூடியைத் திறந்தேன். வரிசையில் ஓரிடம் பல் விழுந்த மாதிரி காலியாக இருந்தது. மூடியின் உள்பக்கம் போட்டிருந்த படத்தில் அந்த இடத்துக்கு நேரே பெட்ரோல் பம்பின் உருவம் இருந்தது. பியூஸ் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தானாகக் கழன்று விழுந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியப்பா ஸ்பேர் பியூஸ்களைப் போட்டு வைத்திருக்கும் மிட்டாய் டப்பா டேஷ்போர்டிலேயே இருந்தது. அதில் இருந்த ஒரே நீல நிற பியூஸை எடுத்து அழுத்தினேன். சாவியைப் பாதி திருப்பினேன். பின் சீட்டுக்கு அடியில் ‘ம்ம்’ என்றது. அந்தச் சந்தோஷத்தை அப்புறம் எந்தப் பரீட்சையும் எனக்குக் கொடுக்கவில்லை.

“பெரியப்பா! பம்பு போகல. பியூஸ்தான் விழுந்துட்டு. நான் போட்டுட்டேன். வந்து திருப்புங்க!”

வேட்டியைக் கட்டிக்கொண்டே வந்தார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. அம்மா பானையோடு வாசலில் அப்படியே நின்றாள். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஓடிப்போய் எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். என்னைப் பாராட்ட ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியம்.

“யாருளா ஒன்னை இந்த வேலை பார்க்கச் சொன்னா?” என்றாள் அம்மா.

“யாரும் சொல்லல. நானேதான்.”

பெரியப்பா இறங்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து, திறந்திருந்த கேட்டையும் அதற்கு அப்பால் தெருவையும் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். தெருவில் ஏதோ ஒரு சைக்கிள் போனது. நான் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இன்ஜின் ஓட ஓட இறங்கிப் போய்ப் பானட்டைத் திறந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டைனமோ மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

“டைனமோ பேரிங் சத்தம் போடுது” என்றார். “இத வச்சிக்கிட்டு அம்புட்டுத் தூரம் போனா தேரிக்குள்ள நிறுத்திரும். ஒனக்குக் கேக்கா பாரு.”

ஸ்க்ரூ டிரைவரை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதைக் காதில் வைத்தார்.

“கேக்குண்ணே” என்றார். “நல்லாக் கேக்கு.”

நான் பிடுங்கி என் காதில் வைத்தேன். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. “எனக்கு ஒண்ணும் கேக்கலியே! பெரியப்பா, ஒரு சத்தமும் இல்ல!” என்று கத்தினேன். பெரியப்பா உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். “ஒனக்குக் கேக்காதுளா” என்றார்.

கார் வராது என்று ஆன அன்றே அப்பா சித்தப்பா வீட்டு வேனில் எங்களுக்கும் இடம் சொல்லி வைத்திருந்தார். அது வந்து வாசலில் நின்றதும், பெரியப்பா மிட்டாய் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

“லேய், அந்த பியூஸைக் குடு. ஸ்பேர் ஒண்ணு கொறையுதுல்லா.”

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு நீல நிற பியூஸை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பெரியப்பா அதை டப்பாவில் போட்டு மூடினார். வேனில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, “இங்கன வந்து உக்காரு” என்றார். அப்பா அண்ணனுக்குப் பக்கத்தில், சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்.

நான் எதிர் சீட்டில் சித்தப்பா பிள்ளைகளோடு நசுங்கிக்கொண்டு, அழுதுகொண்டே போனேன். நான் ஓட வைத்த காரை ஒரு பேரிங் கெடுத்துவிட்டதே என்றுதான் எனக்குக் கோபம். அப்பாவின் சட்டைப் பைக்குள் பியூஸ் எப்படி வந்தது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அந்த வருடமே அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். பெரியப்பா பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, இன்ஜின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றச் சொல்வார். அடுத்த உத்திரத்துக்குக் காரில்தான் போனோம், நான் பின் சீட்டில். வழியில் எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

“பெரியப்பா, அந்த பேரிங்கை மாத்தவே இல்லியே! சத்தம் எங்க போச்சு?”

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து முறைத்தார். பெரியப்பா சாலைப் பக்கம் முகத்தை வைத்தபடியே, “அது பழகிட்டுளா” என்றார்.

பேரிங் என்பது நாளாக ஆகத் தானாகப் பழகிக்கொள்ளும் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.