அண்ணியின் கைராசியும் ஓடைக்கரை நத்தையும்

அந்த நத்தையை நான் முதன்முதலில் ஒரு சிகரெட் டின் மூடியில்தான் பார்த்தேன். சுண்டைக்காய் அளவு இருக்கும். மெல்லிய பழுப்பு ஓடு, அதற்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. மூடியைப் பிடித்திருந்தவர் மாட்டு டாக்டர். எதிரே இடுப்பில் கைவைத்து நின்றவர் என் அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா. எங்கள் காலடியில் அண்ணியின் செவலைப் பசு செத்துக் கிடந்தது. ஐம்பதுகளின் நடுவில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், நான் கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு காலை அது.

அண்ணி சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். தாயில்லாத தம்பியை வளர்த்து, எனக்குக் கட்டிவைத்ததும் அவர்தான். மாட்டு விஷயத்தில் எங்கள் லயத்தில், தோட்டக்காரர்கள் குடியிருக்கும் அந்த வீட்டு வரிசையில், அவருக்குப் பெரிய பெயர். யார் வீட்டுப் பசு கன்று போட்டாலும் அண்ணிக்கு ஆள் வரும். கன்றின் கழுத்தில் முதல் கயிறு அவர் கையால்தான் கட்ட வேண்டும். கைராசிக்காரி என்று எல்லாரும் சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை. கொஞ்சம் தலைக்கனமும் உண்டு என்று இப்போது சொன்னால் தப்பில்லை. கூப்பிட்டு அனுப்பினால் உடனே கிளம்பமாட்டார். முகம் கழுவி, தலை வாரி, வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டு சாவகாசமாகத்தான் போவார்.

நான் வந்த மூன்றாம் மாதத்திலேயே செவலைக்குப் பால் குறையத் தொடங்கியது. பிறகு எலும்பு தெரிய இளைத்தது. தாடைக்குக் கீழே பை கட்டித் தொங்கவிட்டதுபோல ஒரு வீக்கம். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். புது மருமகள் கால் வைத்த நேரம் என்று அவர்கள் சொன்னது என் காதுக்கு வர வெகுநாள் ஆகவில்லை. கணவரின் சித்தப்பா வீட்டுக்கே வந்து, "கொஞ்ச நாளைக்குப் புள்ளய அவங்க ஆத்தா வீட்டுல விட்டு வையிப்பா" என்றார். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. அண்ணிதான் சட்டென்று பதில் சொன்னார்.

"அவ காலு தரையிலதான இருக்கு? மாட்டு வயித்துலயா இருக்கு?"

சித்தப்பா போய்விட்டார். ஆனால் பேச்சு போகவில்லை. செவலை செத்தால் என்னைத் திம்புள்ளப் பக்கம் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பக் கூப்பிடுவார்களா என்பது தெரியவில்லை. அதனால் அந்த மாட்டை நானும் தெய்வத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை, மாசியில் எங்கள் மலையில் உறைபனி விழும். மேட்டுப் புல்லெல்லாம் கருகிப்போகும். பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பும் பெண்கள் வழியில் ஆளுக்கொரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு வருவது வழக்கம். பனிக்காலத்தில் அவர்களுக்குக் கிடைப்பது காய்ந்த புல்தான். அண்ணி மட்டும் மாட்டுப் பட்டிக்குக் கீழே, ஓடை பரந்து சதுப்பாகக் கிடக்கும் இடத்தில் முழங்கால் வரை இறங்கி, தளதளவென்ற பச்சைப் புல் அறுத்து வருவார். செவலை இளைக்க இளைக்க இன்னும் அதிகமாக அறுத்தார். பட்டியைக் கழுவி, சாணியை வடிகால் கானில் தள்ளிவிடுவதும் அவரே. கான் போய்ச் சேருவது அதே சதுப்பில்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தோம், யாரும் அதை ஒரு தப்பாக நினைக்கவில்லை.

செவலை செத்து விழுந்த அன்று, துரை பங்களா மாட்டைப் பார்க்க வந்திருந்த டாக்டரை அண்ணி வழிமறித்துக் கூட்டி வந்தார். அவர் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் பேசும் பொறுமையான மனிதர். மாட்டை அறுத்து ஈரலைப் பிளந்து காட்டினார். தேயிலைக் கொழுந்து போலத் தட்டையாக, உயிரோடு நெளியும் புழுக்கள். பிறகு சதுப்புக்குப் போய் அந்த நத்தையை எடுத்து வந்தார். புழுவின் முட்டை சாணியோடு தண்ணீருக்குப் போகும், அங்கே குஞ்சு பொரித்து நத்தைக்குள் புகுந்து பெருகும், வெளியே வந்து கரைப் புல்லில் ஒட்டிக்கொள்ளும், அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் ஈரலுக்கே திரும்பிவிடும் என்று விளக்கினார். செவலையின் கன்றுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போனார்.

டாக்டர் சொன்னதைக் கேட்டது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அண்ணி பட்டியைக் கழுவாமல் அப்படியே விட்டுவிட்டு வந்தார். அன்று சாப்பிடவும் இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி என்னோடு போயிருக்கும், அவர் பெயர் அப்படியே இருந்திருக்கும். நானாகச் சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்?

மறுநாள் விடிகாலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், கங்காணி பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், அண்ணி வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. செவல செத்தது எந்தம்பி பொண்டாட்டி காலால இல்ல. சாணியக் கான்ல தள்ளுனது நான். அந்த ஓடப் புல்ல அறுத்துப் போட்டதும் நான். இந்தக் கைதான் அதக் கொன்னுச்சு. நீங்களாச்சும் அங்க அறுக்காதீங்க."

கையை உயர்த்திக் காட்டினார். கங்காணி அதட்டினார். அன்று சாயந்தரம் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்ததை நான் கொஞ்சம் ரசித்தேன்.

ஓடைப் புல்லைப் பெண்கள் மெல்ல மெல்லத்தான் விட்டார்கள். அண்ணியைக் கூப்பிடுவதை மட்டும் அன்றோடு விட்டார்கள். அடுத்த வீட்டுப் பசு கன்று போட்டபோதுகூட ஆள் வரவில்லை. அண்ணி முகம் கழுவி, தலை வாரி, வெற்றிலையும் மடித்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே போய் விளக்கை ஏற்றினார்.

அடுத்த வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை முதலில் தொட்டு வைப்பதை எங்களில் சேனை வைப்பது என்போம். வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. கணக்கப்பிள்ளை சம்சாரத்தைக் கூப்பிடலாம் என்றார்கள் பெண்கள். அண்ணி வைக்கட்டும், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம் என்றேன். அண்ணி கதவோரத்திலேயே நின்றார்.

"வேணாம் புள்ள. இது ஆகாத கை."

"அந்தக் கைய நீங்க தூக்கிக் காட்டலைன்னா நான் இந்த வீட்டுல இருந்திருக்கவே மாட்டேன் அண்ணி. வையிங்க."

மூன்று முறை கையைக் கழுவிவிட்டு வந்தார். சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தார். குழந்தை சப்புக்கொட்டியது.

மகளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. தன்மேல் தப்பென்றால் நாலு பேர் முன்னால் முதலில் அவளே சொல்லிவிடுவாள். "பிழைக்கத் தெரியாத பொம்பள" என்று மருமகன் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வரும். சேனை பலித்திருக்கிறது.