வலது பக்கக் கதவு

போன வாரம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்து, நான் செய்த டாங்கிக்குள் எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

டாங்கி என்றால் பிளாஸ்டிக் மாடல். ஒரு சாண் நீளம். ரிட்டயர் ஆனபின் எனக்குப் பிடித்த பைத்தியம் இது. 'இந்த வயசில் பொம்மையா?' என்று கடிதம் போடும் வாசகர்களே... ஆமாம், பொம்மைதான். உங்களுக்கென்ன?

இந்த முறை எடுத்தது ஒரு விநோத வண்டி. கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டையில் யாரோ கைப்பற்றிய பழைய டாங்கி. மேலே இரும்புத் தகடுகளை வெல்டிங் செய்து, பக்கத்தில் பனங்கட்டைகளைக் கட்டி, உருவத்தையே மாற்றியிருந்தார்கள். புத்தகங்களில் தேடினேன். இணையத்தில் தேடினேன். கிடைத்தது ஒரே ஒரு போட்டோ.

அதுவும் வந்த வழி சரியில்லை. ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் லேமினேஷன் கடை வைத்திருக்கும் என் நண்பன் முனியசாமி, அகதி முகாமிலிருந்து யாரோ லேமினேட் பண்ணக் கொடுத்த படத்தை செல்போனில் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டான்.

"படத்துக்காரக கிட்ட கேட்டியாலே?"

"கேட்டா தருவாகளா? பேசாம வேலையப் பாரு."

பார்த்தேன். கேட்காமல் எடுத்தது எனக்கு உறுத்தவே இல்லை. வண்டி மட்டும்தான் கண்ணில் இருந்தது.

படத்தில் இருந்தது இடது பக்கம் மட்டும். அதிலும் பாதிச் சக்கரத்தை மறைத்துக்கொண்டு ஒருவன் சிரித்தபடி நின்றான். 'தள்ளி நின்றால் என்ன, சனியனே' என்று தினமும் அவனைத் திட்டினேன். கடைசியில் எரிச்சலாகி அவனை வெட்டிவிட்டுத்தான் படத்தை பிரிண்ட் போட்டேன்.

வலது பக்கம்? தெரியாது. தெரியாததை மூடிவிடலாம் என்று ஒரு தகட்டை ஒட்டினேன். காலையில் விழுந்து கிடந்தது. மறுபடி ஒட்டினேன்... மறுபடி விழுந்தது. பசையை மாற்றினேன். மூன்றாம் நாளும் மேஜையில் கிடந்தது. கடற்கரை ஈரம் என்று காரணம் சொல்லலாம். மற்ற தகடுகள் ஏன் விழவில்லை?

கோபத்தில் அந்த இடத்தில் ஒரு கதவைச் செய்து பொருத்தினேன். கல் மாதிரி நின்றது.

செவ்வாய்க்கிழமை மதியம் முனியசாமி வந்தான். கூடவே ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"படம் இவுகளோடதுதான். செஞ்சத பாக்கணும்னாக," என்றான். என்னிடம் பீற்றிக்கொள்வது போதாதென்று அவரிடமும் பீற்றியிருக்கிறான்.

திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்தேன். அவர் திட்டவில்லை. மாடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னுக்கு நிண்டவன் என்ர தம்பி, அண்ணை. அவனைச் செய்யேல்லையோ?"

என்ன சொல்வது? இத்தனை நாள் திட்டியதையா?

"இதுக்குள்ள இருந்தவன். வண்டி எரிஞ்சு போச்சுது எண்டு சொன்னவை. ஆளைக் கண்டவை ஒருத்தரும் இல்லை. வாற அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில திதி குடு எண்டு எல்லாரும் சொல்லீனம்."

மாடலை மெல்லத் திருப்பினார். விரல் கதவில் போய் நின்றது.

"இதால வெளியில வரலாமோ?"

முனியசாமி என்னைப் பார்த்தான். 'ஆமாம்னு சொல்லித் தொலை' என்றது அவன் கண். எனக்கு அது வராது.

"அது நானா வச்சது, தாயி. போட்டோவுல அந்தப் பக்கமே இல்ல."

"ஓம், தெரியும். கதவு இல்லையெண்டும் படத்தில இல்லைத்தானே?"

விரலால் கதவைத் தட்டினார்.

"திறந்து காட்டுங்கோ."

"வேணாம்டா," என்று முனியசாமி முணுமுணுத்தான்.

மாடல் செய்கிறவர்கள் கதவுகளை மூடி ஒட்டுவது எதற்கு? உள்ளே வேலை செய்யாமல் தப்பிக்கத்தான். பிளேடை எடுத்தேன். கல்லாக நின்ற கதவு, ஓரத்தில் கீறியதும் தானாகத் திறந்தது.

அவர் வண்டியைத் தூக்கி, ஒரு கண்ணைக் கதவருகே வைத்துப் பார்த்தார். தூங்குகிறவனை எழுப்புவது போல மெதுவாகக் கூப்பிட்டார்.

"குகன்..."

சிரிக்காதீர்கள். நானும் பதிலுக்குக் காத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வண்டியைக் கீழே வைத்தார். முகம் தெளிந்திருந்தது.

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை, அண்ணை."

இந்த அமாவாசைக்குத் திதி வேண்டாம் என்று முனியசாமியிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. பொய்யைக் கையால் செய்து மேஜையில் வைத்திருக்கிறேன்... அது அதைவிட மோசம். யாரைத் திட்டுவது என்று யோசித்தேன். என்னைத் தவிர யாரும் அகப்படவில்லை.

நேற்று கதவை ஒட்டிவிடலாம் என்று பசையை எடுத்தேன். யாரையாவது உள்ளே வைத்துப் பூட்டிவிடுவேனோ என்று தோன்றியது. பசையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.