ஈரக்காற்றைத் தேடி வந்த படகு

போன வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். கூடத்து அலமாரியை நகர்த்திவிட்டுப் பின்சுவரைச் சுரண்டினார். மேல்பூச்சு உதிர்ந்ததும் அடியிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. சேறும் டீசலும் ஊறிப்போன அரிசியும் கலந்த வாடை. எத்தனையோ முறை கழுவி, அதன்மேல் பெயிண்டும் அடித்தாயிற்று. சுவர் மட்டும் அதை விடாமல் வைத்திருந்திருக்கிறது.

"என்னாக்கா, தண்ணி ஏறுன வூடா இது?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தேநீர் கலக்க அடுப்படிக்குப் போனேன். கலக்கினேன். சீனி போட மறந்துவிட்டேன். பாவம், மனுசன் அப்படியே குடித்தார்.

உங்களுக்குப் 'பதில் பாட்டு' தெரிந்திருக்க நியாயமில்லை. முகநூலில் இருந்த ஒரு சின்னக் குழு அது. ஒருவர் நாலு வரி எழுதிப் போடுவார். மற்றவர்கள் கீழே நாலு வரியில் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலுக்கு இன்னொருவர் பதில். அவ்வளவுதான் ஆட்டம். பரிசு கிடையாது, மேடை கிடையாது, மாலை மரியாதை கிடையாது. எழுதியவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல எஸ்டேட் லயத்தில் பிறந்து தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தவர்கள். கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவர், டியூசன் டீச்சர், ஃபேக்டரியில் ஷிப்ட் பார்ப்பவர் என்று பல ரகம். நான் சோறு வேகும் நேரத்தில் எழுதுகிறவள். எங்கள் வீட்டுச் சோறு அடிக்கடி குழைந்துபோனதற்கும் என் கவிதைகள் அடிக்கடி வேகாமல் போனதற்கும் காரணம் ஒன்றுதான்.

குழுவில் யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. மின்மினிக்குப் பேர்போன கோலசிலாங்கூர்க்காரி என்பதால் முதலில் 'மின்மினி' என்று வைத்துக்கொள்ளப் பார்த்தேன். ஏற்கெனவே இரண்டு மின்மினிகள் இருந்தார்கள். மூன்றாவதாக மினுங்க வெட்கமாக இருந்தது. அதனால் 'ஈரக்காற்று' ஆனேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. என் கணவருக்கே தெரியாது.

சுங்கை புரோங்கிலிருந்து 'நெல்மணி' என்றொரு பெண் எழுதுவாள். எதைப் போட்டாலும் ஐந்தே நிமிடத்தில் அவளிடமிருந்து ஒரு பதில் பாட்டு வந்து நிற்கும். அட்மின் மலர்விழி அக்கா. அவரைத் தாண்டி ஒரு கெட்ட வார்த்தை உள்ளே வர முடியாது. யாரோ ஒருவன் பெண்களிடம் போன் நம்பர் கேட்டுத் தொல்லை கொடுத்ததிலிருந்து, சொந்த விவரம் எதையும் கேட்கவும் கூடாது, போடவும் கூடாது என்று கடுமையாக விதி வைத்திருந்தார். பிறகு மாறன். எல்லோரும் எல்லோருக்கும் "அருமை, அருமை" என்று பூத்தூவிக்கொண்டிருக்கும்போது, "சகோதரி, இரண்டாம் அடியில் ஒற்று மிகும்" என்று மட்டும் எழுதுபவர். என் மகளின் பிறந்தநாளுக்கு அத்தனை பேரும் வாழ்த்துச் சொன்னார்கள். மாறன் மட்டும், "'வாழ்த்துக்கள்' அன்று, 'வாழ்த்துகள்'" என்று மற்றவர்களைத் திருத்திவிட்டுப் போனார். வெள்ளைத் தாடியும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை நான் மனத்தில் வரைந்து வைத்திருந்தேன்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

இரண்டு நாளாக விடாத மழை. அதனால் மலர்விழி அக்கா காலையில் கொடுத்த தலைப்பும் மழைதான். நானும் சும்மா இருக்கவில்லை. 'மழையே, என் வாசல் வரை வந்துவிட்டு ஏன் திரும்பிப் போகிறாய்?' என்று தொடங்கி நாலு வரி போட்டேன். ஏகப்பட்ட இதயங்கள். அதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வீட்டு மலாய் அக்கா காக் யாத்தி வேலியோரம் வந்து, ஆறு நிரம்பிவிட்டதாம், கிளம்பு என்றார். அவர்கள் வீட்டுக் காரில் பிள்ளைகளுக்கே இடமில்லை. என் மகளை மட்டும் எப்படியோ இடுக்கி அவரோடு ஏற்றி அனுப்பினேன். என்னால் போக முடியாது. வீட்டில் அத்தை இருந்தார்.

அத்தை என்றால் என் மாமியார். பால்மரம் வெட்டி நாலு பிள்ளைகளை வளர்த்தவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்து கிடந்தார். வாய்க்கு மட்டும் எந்த வாதமும் வரவில்லை. ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் காக் யாத்தி போனார். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் சாலை மூழ்கிவிட்டது.

மதியத்துக்குள் தண்ணீர் வாசல்படி ஏறியது. காப்பி நிறத்தில், சத்தமே இல்லாமல் வந்தது. மெயின் சுவிட்சை அணைத்தேன். கணவருக்குப் போன் அடித்தேன், புக்கிட் பெருந்துங் ஃபேக்டரியில் ஷிப்ட் முடியும்வரை போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். தீயணைப்புப் படையான போம்பாவுக்கு அடித்தேன், லைன் கிடைக்கவே இல்லை. கிள்ளானில் இருக்கும் கொழுந்தனாருக்கு அடித்தேன். "அண்ணி, வர்ற வழியெல்லாம் தண்ணி. லோரிகூட போவல. நான் என்னா செய்வேன்?" என்று அவர் அழுதார். அப்படியே லைன் அறுந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் போகவில்லை.

சாப்பாட்டு மேசைமேல் மெத்தையைப் போட்டு அத்தையைத் தூக்கி உட்கார வைத்தேன். எப்படித் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. குளிர்சாதனப் பெட்டி மெல்லச் சாய்ந்து, படகுபோல மிதந்து வந்து மேசையை முட்டியது. அத்தை அதைக் காலால் தள்ளினார். எனக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர்.

போனில் ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்தது. பேச முடியவில்லை, ஆனால் காலையில் திறந்து வைத்திருந்த 'பதில் பாட்டு' பக்கம் மட்டும் உயிரோடு இருந்தது. அங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பக்கத்தில் ஒருவராவது இருக்க மாட்டாரா என்று அதிலேயே எழுதினேன்.

'வாசல் தாண்டிவிட்டது தண்ணீர். கட்டில் கால் தெரியவில்லை. அத்தையால் நடக்க முடியாது. யாராவது வாருங்கள்.'

பதறிப்போய் வரிக்கு வரி தட்டிவிட்டேன் போலிருக்கிறது. நாலு வரியாக விழுந்திருந்தது.

இதயங்கள் வந்தன. "அருமை தோழி! காலையில் அழைத்தீர்கள், மதியம் வந்துவிட்டது. என்ன தொடர்ச்சி!" என்றார் ஒருவர். "'கட்டில் கால் தெரியவில்லை', ஆஹா, படிமம்!" என்றார் இன்னொருவர். நெல்மணி வழக்கம்போல ஐந்து நிமிடத்தில் பதில் பாட்டு போட்டாள்:

'வாருங்கள் என்றாய்
வந்துகொண்டே இருக்கிறேன்
துளித்
துளியாய்.'

மற்ற நாளாக இருந்தால் அந்தப் பதிலுக்காகவே அவளைக் கட்டிக்கொண்டிருப்பேன். அன்றைக்குத் தண்ணீரே எனக்குப் பதில் எழுதியதுபோல இருந்தது.

'இது கவிதை இல்லை. உண்மை. உதவி வேண்டும்' என்று எழுதினேன்.

"'இது கவிதை இல்லை' என்பதைவிடக் கவிதை வேறு என்ன இருக்க முடியும்!" என்று பதில் வந்தது.

நான் போனைப் பார்த்து அலறிவிட்டேன். மேசைமேல் இருந்த அத்தைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"வூடு முழுக்கத் தண்ணி நிக்கிது, இவளுக்குப் போன்ல என்னாடி கவித? நான் செத்தாலும் எழுதிப் போடுவ போலருக்கே!"

"ஆளு கூப்புடுறேன் அத்த!"

"கூப்புடுற லட்சணமா இது? வாயத் தொறந்து கத்துடி!"

கத்தினேன். எங்கள் வரிசையில் யாருமே இல்லை. மழைதான் கேட்டது. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. திரை நனைந்து விரல் வழுக்கியது. மறுபடி அடித்தேன்: 'தன்னீர் இடுப்புக்கு வந்துட்டு.'

உடனே மாறனிடமிருந்து ஒரு வரி வந்தது. அதுவரை அவர் எழுதியே பார்க்காத பேச்சுத் தமிழில் வந்தது.

"எந்தத் தாமான்? எத்தனாவது லோரோங்? போன் நம்பர் போடுங்க. மத்தவங்க தயவுசெஞ்சு எழுதுறத நிறுத்துங்க."

தாமான் பெயரையும் லோரோங் சந்தின் எண்ணையும் அடித்துப் போட்டேன். வீட்டு எண்ணை அடிக்கும்போது பக்கம் ஒருமுறை துடித்தது. பார்த்தால், மாறன் எழுதியதையும் நான் எழுதியதையும் காணவில்லை. 'சொந்த விவரங்களைக் கேட்பதும் பகிர்வதும் குழு விதிக்கு எதிரானது. நட்புடன், அட்மின்' என்று மட்டும் நின்றது. திரும்ப எண்ணைப் போட்டேன், போகவில்லை. இருந்த ஒரு கோடும் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் போனே அணைந்தது.

யாராவது பார்த்தார்களா இல்லையா என்று தெரியாமல் நிற்பதைப் போலக் கொடுமை வேறில்லை. அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு மேசையை ஒட்டி நின்றேன். கரப்பான்பூச்சிகள் சுவரில் ஏறி எங்கள் தலைக்கு மேலே வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அரிசித் தொட்டி கவிழ்ந்து, அரிசி கலங்கலோடு சுற்றிச் சுற்றி வந்தது. இப்போது அத்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. "புள்ள காக் யாத்திகூட இருக்கால்ல?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு முறையும் ஆமாம் அத்த என்றேன். மெத்தையின் ஓரம் நனையத் தொடங்கியது.

அப்போதுதான் தெருவில் ஒரு ஆண்குரல் கேட்டது. முதலில் என்ன என்று புரியவில்லை. பிறகு கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது.

"ஈராக்காத்து! ஓய், ஈராக்காத்து!"

அத்தை காதைத் தீட்டினார். "எவன்டி அவன்? யாரக் கூப்புடுறான்?"

"என்னத்தான் அத்த!" என்றேன். பிறகு தமிழிலும் மலாயிலுமாக வாய்விட்டுக் கத்தினேன். "இங்க! ஈரக்காத்து இங்க இருக்கேன்! சினி, சினி!"

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருபவர்களை ஏற்றிச் செல்லும் படகு அது. இரண்டு மலாய்க்காரர்கள் துடுப்புப் போட்டு வந்திருந்தார்கள். வாசல் கேட்டைத் தாண்டிப் படகு வரவில்லை. மார்பளவு தண்ணீரில் இறங்கி வந்து, அத்தையை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். ஒருமுறை கால் வழுக்கி மூவரும் சாய்ந்தபோது அத்தை "முருகா" என்றார். முன்னால் இருந்த மூத்தவர், பாக் சிக், "அல்லா" என்றார். நாற்காலி நிமிர்ந்துவிட்டது. படகில் ஏறிய பிறகு அந்தப் பாக் சிக் என்னைப் பார்த்து, இவ்வளவு கஷ்டமான பெயரை உனக்கு யார் வைத்தது என்று மலாயில் கேட்டார். நானேதான் என்றேன்.

நடந்தது இதுதான். அட்மின் அழிப்பதற்குள் மாறன் தாமானையும் லோரோங்கையும் படித்துவிட்டார். வீட்டு எண் தெரியாது, என் சொந்தப் பெயரும் தெரியாது. படகுத்துறையில் வேலை செய்த தன் பள்ளித் தோழன் மூலம் இந்தப் பாக் சிக்கைப் பிடித்து, போனிலேயே அந்தப் பெயரை அவர் வாயில் வரும்வரை சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

பள்ளி மண்டபத்தில் தங்க வைத்தார்கள். சாயங்காலம் கணவர் வந்தார். காக் யாத்தி மகளைக் கொண்டுவந்து விட்டார். மறுநாள் காலை, காய்ந்த துணியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு, ஃபேக்டரி யூனிபார்மில் ஒரு ஒல்லிப் பையன் எங்கள் பாயருகே வந்து நின்றான். இருபத்தைந்து வயதிருக்கலாம். தாடிகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை.

"அக்கா... நான் மாறன்."

நாங்கள் இரண்டு வருடமாகத் தினமும் எழுதிக்கொண்டவர்கள். அவன் தரையைப் பார்த்தான். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

"எப்படித் தம்பி தெரிஞ்சிச்சு ஒனக்கு?" என்றேன் கடைசியில்.

"தண்ணீருக்கு ரெண்டு சுழி 'ன' போட்டிருந்தீங்க. நீங்க அப்படிப் போடமாட்டீங்கக்கா. அத பாத்ததும் இது கவித இல்லன்னு தெரிஞ்சிருச்சு லா."

அவன் போன பிறகு, அத்தை பக்கத்துப் பாய்க்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எம் மருமவ கவித எழுதித்தான் படகு வந்துச்சு தெரியுமா? சும்மா இல்ல." அத்தை போய்ச் சேரும்வரை இந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னார். அதிலே படகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதானது.

மலர்விழி அக்கா போனில் அழுதார். "யாரோ திரும்ப ஒங்கள தொல்லை பண்றான்னு நெனச்சிட்டேம்மா" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. எங்களுக்குக் காவலாகத்தானே நின்றார். நெல்மணி தன் பதில் பாட்டை அழித்துவிட்டாள். அழிக்காதே, நன்றாகத்தான் இருந்தது என்றேன். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு விதி எடுக்கப்பட்டது. எல்லோரும் சொந்தப் பெயரும் போன் நம்பரும் போட்டார்கள். ஒருவரை ஒருவர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம். அதில்தான் வினையும் வந்தது. யாராவது 'மழை' என்று எழுதினால், பதில் பாட்டு வருவதற்கு முன்பே "எங்க இருக்கீங்க, வீட்டுல தண்ணி ஏறுதா?" என்று பத்துப் பேர் கேட்டார்கள். 'மூச்சடைத்து நிற்கிறேன் உன் வாசலில்' என்று நெல்மணி ஒரு காதல் கவிதை போட்டாள். பதறிப்போன யாரோ அவள் வீட்டுக்கே போன் அடிக்க, அவளுடைய அப்பா எடுத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அவள் எழுதவில்லை. பிறகு எல்லோரும் கவிதைக்குக் கீழே 'பயப்பட வேண்டாம், கற்பனைதான்' என்று போடத் தொடங்கினார்கள். கற்பனை என்று சொல்லிவிட்டு அழுகிற கவிதையை எவ்வளவு நாள்தான் எழுதுவது? மெல்ல மெல்லப் பிறந்தநாள் வாழ்த்தும் கோயில் திருவிழா அறிவிப்பும்தான் மிஞ்சின. மாறன் கல்யாணம் செய்துகொண்டு ஜொகூர் பக்கம் போனான். நம்பர் மாறிவிட்டது.

மாதக் கடைசியில் குழுவை மூடப்போவதாக மலர்விழி அக்கா அறிவித்தார். கீழே நாலைந்து கும்பிடு பொம்மைகள் விழுந்தன. அந்த மாதத்தின் கடைசி நாள் காலையில், வெகுநாள் கழித்து, நெல்மணி வந்து இரண்டே வரி போட்டிருந்தாள்:

'அறுவடை முடிந்த வயலில்
இன்னும் எதைத் தேடுகின்றன கொக்குகள்?'

கீழே எந்தக் குறிப்பும் இல்லை. பயப்பட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. படித்ததுமே எனக்குள் பதில் வந்துவிட்டது. நல்ல பதில், அந்த மாதிரி வந்து ரொம்ப நாளாகியிருந்தது. கையில் ஈரத்துணி இருந்தது. காயப்போட்டுவிட்டு வந்து எழுதலாம் என்று கொல்லைக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், பக்கம் இல்லை.