வான்கோழிச் சட்டியும் மூன்றாவது அழைப்பும்

என் மாமா லைல் டோலஃப்சனுக்குச் சமைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைச் சமையல் என்று சொல்வதும் அவர் ஒருவர்தான். நான் அதில் கருத்துச் சொல்வதில்லை. அவர் வீட்டின் அடித்தள அறையில் வாடகையில்லாமல் குடியிருக்கிறேன், அதனால்.

வான்கோழிக் கொத்துக்கறி ஒரு பவுண்டு, வெங்காயம் ஒன்று, தக்காளி ஒரு டப்பா, மக்காச்சோளம் ஒரு டப்பா, மக்ரோனி இரண்டு கை, கடைசியில் மேலே சீஸ். எல்லாம் ஒரே வார்ப்பிரும்புச் சட்டியில் வெந்து இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை செய்தால் புதனன்றும் அதையே சாப்பிடலாம். வியாழக்கிழமை மறுபடி செய்வார். ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, மினசோட்டாவின் மேற்கு மூலையில் இருக்கும் இந்த ஊருக்கு நான் திரும்பி வந்த அன்றும் அடுப்பில் அதுதான் இருந்தது. "பசிக்குதா, பிரிட்டா?" என்றார். ஆறு வருடத்துக்கான விசாரிப்பு அத்தோடு முடிந்தது.

அவருக்கு வான்கோழி மேல் ஆசை ஒன்றும் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், இனி மாட்டிறைச்சியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதே வாரம்தான் மாமா ஒரு மாட்டின் கால் பங்கு இறைச்சியை வாங்கி, வெள்ளைத்தாள் பொட்டலங்களாக ஃப்ரீசரில் அடுக்கியிருந்தார். இன்றும் அவை அங்கேயே இருக்கின்றன. சாப்பிடவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் மனமில்லை. வான்கோழியை எடுக்க ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவார்.

மாமாவுக்கு வயது அறுபத்தொன்று. மாவட்டச் சாலை அலுவலகத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார். கல்யாணம் ஆகவில்லை. அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இதற்குப் பெயர் நல்ல சுபாவம்.

ஆனால் லவான் இருந்தார். லவான் எங்கப்ரெட்சன், அறுபத்து மூன்று வயது. கணவர் இறந்து இருபத்தைந்து வருடமாகிறது. அதே அலுவலகத்தில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து லாரி டிரைவர்களிடம் சாலை நிலவரம் கேட்பது அவர் வேலை. குளிர்காலத்தில் அந்தப் பேச்சை ஊரில் பாதிப்பேர், வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்கும் ஸ்கேனர் பெட்டியைச் சமையலறையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாங்களும்தான்.

"ஏழாம் நம்பர் ரோடு எப்படியிருக்கு, லைல்?"

"மோசம்னு சொல்ல முடியாது."

"சரி. ஜாக்கிரதை."

இருபத்திரண்டு குளிர்காலமாக இதே உரையாடல்தான். இதில் காதல் எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். அந்த 'ஜாக்கிரதை'யில் இருக்கிறது. மற்ற டிரைவர்களுக்கு லவான் 'சரி'யோடு நிறுத்திக்கொள்வார். ஊருக்கே தெரிந்த விஷயம் இது. எங்களுக்குப் பண்பாடு இருப்பதால் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

ஜனவரி கடைசியில் லவான் ஓய்வு பெற்றார். அரிசோனாவில் இருக்கும் மகள் அங்கேயே வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். வீட்டை விற்க ஏஜென்ட் ஒருவரையும் பிடித்துக் கொடுத்துவிட்டாள். பிப்ரவரி இரண்டாம் வாரம் புதன்கிழமை காலை ஏஜென்ட் வருவார், லவான் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான், வீடு சந்தைக்குப் போய்விடும்.

அதற்கு முந்தைய ஞாயிறு, சர்ச் முடிந்து கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அங்கே மாமா தன் வாழ்க்கையின் மிகத் துணிச்சலான காரியத்தைச் செய்தார். நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்களேன், லவான்."

"அய்யோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சிரமம் ஒண்ணுமில்ல. ஒரே சட்டிதான்."

"வேணாம் லைல். நான் வீட்லயே எதையாவது பண்ணிக்கிறேன்."

மாமா மூன்றாவது முறைக்காக மூச்சை இழுத்தார். இழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். சரியாக அந்த நேரத்தில் ஆர்வில் என்ற பெரியவர் வந்து அவர் தோளில் கை போட்டு, ஏரியில் உறைந்திருக்கும் பனிக்கட்டியின் கனம் இப்போது எத்தனை அங்குலம் என்று கேட்டார். பதினேழு. பதினேழா, போன வருடம் பத்தொன்பது அல்லவா. அப்படியா. அப்படித்தான். இந்த உயர்ந்த விவாதம் முடிந்து மாமா திரும்பியபோது லவான் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுவது மூன்று படிகள் கொண்ட காரியம். முதல்முறை கேட்டால் அது வழக்கம், மறுத்துவிட வேண்டும். இரண்டாம் முறை கேட்டால் அது மரியாதை, அதையும் மறுக்க வேண்டும். மூன்றாம் முறையும் கேட்டால்தான் உண்மையிலேயே கூப்பிடுகிறார்கள் என்று பொருள். "சரி, கொஞ்சமா" என்று சொல்லலாம். முதல் தடவையிலேயே சரி என்பவன் பேராசைக்காரன். இரண்டு தடவையோடு நிறுத்துகிறவன் வேண்டாவெறுப்பாகக் கூப்பிட்டவன். நான் போன நாடுகளில் 'வா, சாப்பிடு' என்றால் போய் உட்கார்ந்து சாப்பிடுவேன். அந்த மக்கள் எல்லாம் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ.

சர்ச்சிலிருந்து வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம்.

"மூணாவது தடவ கேக்கலையே, மாமா," என்றேன்.

"ஆர்வில் வந்துட்டாரு."

"அவருக்குப் பனி எத்தனை அங்குலம்னு அப்புறமா சொல்லியிருக்கலாமே."

"அவரு கேட்டாரே."

"சரி, இப்ப போன் பண்ணுங்க."

"போன் பண்ணி மூணாவது தடவைய மட்டும் எப்படிக் கேக்கறது?" என்றார் மாமா. குரலில் உண்மையான வேதனை இருந்தது. "மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அப்ப மொத்தம் அஞ்சு தடவ ஆகிடும். அஞ்சு தடவ கேட்டா என்ன நினைப்பாங்க?"

"நீங்க அவங்கள வரச் சொல்றீங்கன்னு நினைப்பாங்க."

"அதான் சொல்றேன்," என்றார் மாமா.

மறுநாள் திங்கட்கிழமை மாலை, மாமாவோடு லாரி ஓட்டும் டுவேன் ஏதோ ஸ்பேனரைத் திருப்பித் தர வந்தார். ஸ்பேனரைத் தந்த பிறகும் போகவில்லை. சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டார்.

"லவானைக் கடையில பார்த்தேன். லைல் நல்ல மனுஷன், மரியாதைக்காக ஒரு வார்த்தை கூப்பிட்டாருன்னு சொன்னாங்க."

மாமா ஸ்பேனரை ஆராய்ந்தார்.

"ரெண்டு தடவையோட விட்டுட்டியாமே," என்றார் டுவேன். "கரண்ட் பில் கணக்கெடுக்க வர்ற ஆளைக்கூட நான் மூணு தடவ கூப்பிடுவேன், லைல். எனக்கு அவனைப் பிடிக்கவும் பிடிக்காது."

"இதுல துரு பிடிச்சிருக்கு," என்றார் மாமா.

"நீ கொடுத்தப்பவே பிடிச்சிருந்துது. புதன்கிழமை காலைல பத்து மணிக்கு ஏஜென்ட் வர்றானாம். சும்மா சொன்னேன்."

செவ்வாயன்று காலையிலிருந்தே பனி. மாமா நான்கரைக்கு வீட்டுக்கு வந்தார், குளித்தார், சட்டை மாற்றினார். புதுச் சட்டை. அதன் மடிப்புக்கோடுகள் நெஞ்சில் சிலுவை போல் நின்றன. ஐந்து மணிக்குச் சட்டியை அடுப்பில் வைத்தார். ஃப்ரீசரிலிருந்து முந்தின நாளே எடுத்து வைத்திருந்த கறியைப் பிரித்தார். இரண்டு பவுண்டு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"மிஞ்சினா நாளைக்கு ஆகும்," என்றார்.

"ஆகும்," என்றேன்.

வான்கோழிக் கறி தண்ணீர் விடும். அதைத் தொடாமல் விட்டால் தண்ணீர் வற்றி அடியில் சிவக்கும், அப்போதுதான் அதற்கு ருசி என்று ஒன்று வரும். மாமா அதைத் தொடாமல் விட்டதே கிடையாது. கறியைக் கண்டதும் கரண்டியால் கிண்டத் தொடங்கிவிடுவார். அது தன் தண்ணீரிலேயே வெந்து சாலையோரப் பழைய பனியின் நிறத்துக்கு வந்துவிடும்.

"மாமா, இன்னைக்கு ஒரு நாள் அதைச் சும்மா விடுங்க."

"அடி பிடிச்சிடும்."

"பிடிக்கட்டும். அதான் ருசி. கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

அவர் உண்மையிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம். பனிப்புயலில் பள்ளத்தில் விழுந்த பால் லாரியை இழுத்தபோதுகூட அவர் முகம் அப்படி வியர்த்திருக்காது. சட்டியிலிருந்து முதல் தடவையாக அந்த வீட்டில் வறுத்த கறியின் வாசனை வந்தது. வெங்காயம் போட்டோம். நான் சீரகத்தூள் டப்பாவைக் காட்டினேன். மாமாவைப் பொறுத்தவரை மிளகுத்தூளே வெளிநாட்டுப் பயணம். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அரைக் கரண்டி போட்டேன். அப்புறம் தக்காளி, சோளம், மக்ரோனி, ஒரு கப் தண்ணீர். மூடி வைத்தோம்.

ஐந்து நாற்பதுக்குச் சீஸைத் தூவி அடுப்பை அணைத்தார். இரண்டு தட்டுகளை எடுத்தார். திரும்ப வைத்தார். ஜன்னல் வழியே பனியைப் பார்த்தார். பிறகு சட்டியை மூடியோடு சேர்த்துப் பழைய துண்டில் சுற்ற ஆரம்பித்தார்.

"எங்க போறோம்?" என்றேன்.

"அவங்க வீட்டுப் பாதையில பனி நிறைய இருக்கும். தள்ளி விட்டுட்டு வந்துடலாம்."

"சட்டி எதுக்கு?"

"ஆறிடும்ல," என்றார்.

லவான் வீடு மூன்று தெரு தள்ளி. சட்டியை வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து அதற்கும் பெல்ட் போட்டார். போய்ச் சேர்ந்தபோது பாதையில் பனி ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ மாலையிலேயே தள்ளிவிட்டிருந்தார். மாமா அந்தச் சுத்தமான பாதையைத் துரோகம் செய்தவனைப் பார்ப்பது போல் பார்த்தார். வேறு காரணம் கைவசம் இல்லை. சட்டியோடு இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

கதவைத் திறந்த லவானுக்குப் பின்னால் கூடம் தெரிந்தது. பாதி அட்டைப்பெட்டிகளாக இருந்தது.

"சாப்பிட்டீங்களா, லவான்?" என்றார் மாமா.

"இப்பதான் ரெண்டு ரொட்டி டோஸ்ட் பண்ணிச் சாப்பிட்டேன். எதுக்கு இவ்வளவு தூரம்."

"கொஞ்சமா கொண்டுவந்தேன்."

"உங்களுக்கு வேணுமே. பிரிட்டாவும் சாப்பிடணும்ல. எனக்கு வேணாம்."

இரண்டு மறுப்பு ஆகிவிட்டது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. மாமா நின்றார். லவான் நின்றார். தெருவில் ஆர்வில் மாதிரி எவரும் வரவில்லை. நான் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். மாமா சட்டியை மாற்றிப் பிடித்தார். வார்ப்பிரும்பு சூட்டை விடுகிற ஜாதி இல்லை. துண்டோ முப்பது வருடப் பழசு.

"லவான்," என்றார் கடைசியில், "கை சுடுது."

இது மூன்றாவது அழைப்பில் சேர்த்தியா என்பதைச் சர்ச் கமிட்டி தீர்மானிக்கட்டும். லவான் கதவை அகலத் திறந்தார். "சரி, அப்ப கொஞ்சமா," என்றார்.

அவர் வீட்டுத் தட்டுகள் ஏற்கனவே பெட்டிக்குள் போயிருந்தன. மூன்று கிண்ணங்களைத் தேடிப் பிடித்துச் சாப்பிட்டோம். ரொட்டி சாப்பிட்டு வயிறு நிறைந்திருந்த லவான் இரண்டு முறை போட்டுக்கொண்டார். "நல்லா இருக்கு," என்றார். எங்கள் ஊரில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. கடைசியில் சட்டியில் ஒரு கரண்டி அளவு மிஞ்சியது. கடைசிக் கரண்டியை முழுதாக எடுப்பது மரியாதை இல்லை. லவான் அதில் பாதியை எடுத்தார். மாமா மீதியில் பாதியை எடுத்தார். நான் மிச்சத்தில் பாதியை எடுத்தேன். சட்டியில் நான்கு சோளமணி கிடந்தது, அதை மூவரும் கௌரவமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அரிசோனாவுல பனியே பெய்யாதாமே," என்றார் மாமா, சோளமணிகளிடம்.

"பெய்யாது."

"அப்ப அங்க எனக்கு வேலை இருக்காது."

லவான் முள்கரண்டியைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் மாமா இவ்வளவு நீளமாகத் தன்னைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

"இங்க வேலை எப்படியிருக்கு, லைல்?"

"இருக்கு. உங்க எடத்துல புது ஆள் உக்காந்திருக்கான். ரோடு எப்படின்னு கேக்குறான். சொன்னா, சரின்னு சொல்லி வச்சிடுறான்." மாமா நாப்கினை நான்காக மடித்தார். "வேற ஒண்ணும் சொல்றதில்ல."

"புதுசுல்ல," என்றார் லவான்.

"அவனைத் தப்பு சொல்லல."

"நீங்க சொல்ல மாட்டீங்க, லைல். தெரியும்."

இதற்கு மேல் அந்த அறையில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றுமே நடக்கவில்லை. மாமா எழுந்து சட்டியைக் கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோனார். லவான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டிகளின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன்: தட்டு, தட்டு, குளிர்கால உடுப்பு, தானம். அப்போது போன் அடித்தது.

மகள்தான். நாளைக்கு ஏஜென்ட் பத்து மணிக்கு வருவதை நினைவூட்டுகிறாள். அவள் குரல் எனக்கே கேட்டது, அந்தப் பக்கத்தில் வெயில் அதிகம் போல.

"அவரை நாளைக்கு வரவேணாம்னு சொல்லிடு, ஷெல்லி," என்றார் லவான். "இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல... பயமும் இல்ல, நல்ல வெலதான் சொல்றாரு... ஏன்னா, எனக்கு இங்க செவ்வாய்க்கிழமைல ஒரு வேலை வந்திருக்கு."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ கேட்டது.

"சாப்பிடற வேலை," என்றார் லவான். "ஆமா, வாராவாரம்தான். யாரு கேட்டா? யாரும் கேக்கல. நானேதான் சொல்றேன்."

வார்ப்பிரும்புக்குச் சோப்புப் போடக்கூடாது, சுடுதண்ணீரில் ஒரு தேய், ஒரு துடை, போதும். மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எப்போதோ சுத்தமாகிவிட்ட அந்தச் சட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்பக்கமிருந்து பார்த்தாலும் தெரிந்தது, காது இரண்டும் சிவந்திருந்தன.