மடவளை பாயிஸாவின் கைக்கணினி

கண்டிக்குப் பக்கத்து மடவளையில் பெண்களின் கைபேசி பழுதானால் கடைத்தெருவுக்குப் போகாது. பாயிஸாவின் வீட்டுக்குத்தான் வரும். கல்யாணத்துக்கு முந்தைய மருதோண்டி இரவில் முக்காடில்லாமல் எடுத்த படங்களை எந்தப் பெண்தான் கடைக்காரன் கையில் கொடுப்பாள்? பாயிஸா ஒருமுறை கொடுத்துப் பட்டவள். அந்தக் கோபத்தில்தான் இந்தத் தொழிலையே பழகினாள். அவளிடம் இருப்பது உள்ளங்கையில் அடங்கும் பழைய லினக்ஸ் கணினி ஒன்று. அதை இணையத்தின் பக்கமே விடமாட்டாள்.

அன்று மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் நுஸ்ஹா மகள் சப்னாவோடு வந்தாள். நுஸ்ஹாவின் கைபேசியைக் கணவன் சுவரில் அடித்து நொறுக்கியிருந்தான். மிஞ்சியது கீறல் விழுந்த மெமரி கார்ட் மட்டும். அவன் மிரட்டியதெல்லாம் அதில் பதிவாகியிருந்தது. மறுநாள் கண்டியில் வழக்குத் தவணை. சப்னா யாரிடம் வளர்வது என்பது பேச்சு. தான் குரலை உயர்த்தியதே இல்லை என்று அவன் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தான். நுஸ்ஹாவின் அண்ணன், அந்த நானாவின் கைபேசியில் கார்டைப் போட்டபோது, எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று அது கேட்டதாம். நல்லவேளை, யாரும் ஆம் என்று அழுத்தவில்லை.

பாயிஸா கார்டை ரீடரில் செருகி, ரீடரைக் கைக்கணினியில் மாட்டி, ஹோஸ்ட் மோடுக்கு மாற்றினாள். இத்தனை நாளும் பிறரிடம் கரண்ட் வாங்கிப் பிழைத்த சாதனம், இப்போது வீட்டுப் பெரியவர் மாதிரித் தானே கொடுக்க வேண்டும். வம்பு என்னவென்றால் அதற்கு இருப்பது ஒரே துளை. ரீடர் மாட்டியிருக்கும்வரை சார்ஜ் ஏற்ற முடியாது. கழற்றினால் அந்தக் கார்ட் மறுபடி வாசிக்குமா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். பகல் முழுக்க வேலை செய்ததில் பேட்டரியும் இறங்கிக் கிடந்தது.

பல தடவை முயன்ற பிறகு கார்ட் திறந்தது. நுஸ்ஹா உள்ளறைக்குத் தொழப் போனாள். பாயிஸா படங்களையும் மற்றப் பதிவுகளையும் கைக்கணினிக்கு மாற்றினாள். 'ஓதல்' என்ற கோப்புறையில் வெறும் குர்ஆன் சூராக்கள்தானே, எங்கும் கிடைக்கும் என்று அதை விட்டுவிட்டாள்.

தொழுதுவிட்டு வந்த நுஸ்ஹா திரையில் இருந்த பட்டியலை மேலும் கீழும் தேடினாள்.

"ராத்தா, யாஸீன் சூரா எங்க?"

"அது என்ட போன்லயும் ஈக்கிது, தங்கச்சி."

"அதுக்குள்ளதான் அவர்ட பேச்சு. சூரா பேரு போட்டா அவர் அழிக்க மாட்டார்."

மனைவியை அடிக்கக் கூசாதவன் யாஸீனை அழிக்கக் கூசுவான் என்று அவள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. பாயிஸா தலையில் அடித்துக்கொண்டாள். பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. திரை வெளிச்சத்தைக் குறைத்து, ரீடரை விரலால் அழுத்திப் பிடித்தபடி அந்தக் கோப்புறையை மாற்றத் தொடங்கினாள். பாதியில் கார்ட் விட்டுப்போனது. பிஸ்மி சொல்லி மறுபடி அழுத்தினாள், திறந்தது. முடிந்தது என்று திரையில் வந்ததும் ரீடரைப் பிடுங்கி, பவர் பேங்கை மாட்டினாள்.

சரியாக வந்ததா என்று கேட்டுப் பார்க்காமல் தீராது. பாயிஸா யாஸீனைத் தட்டினாள். நுஸ்ஹாவின் கணவனுடைய குரல் அறை முழுக்க இரைந்தது. நுஸ்ஹா பதறி நிறுத்துவதற்குள், மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த சப்னா எழுந்துவிட்டாள். அவள் அழவில்லை. வாசலுக்குப் போய்த் தன் செருப்பையும் தாயின் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, குசினிப் பக்கமாக வந்து நின்றாள்.

"உம்மா, பின்கதவால போவமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.