மழைக்குள் தண்ணீர் கொண்டுபோனவள்

கலியாணம் முடித்த அடுத்த வருடமே நான் கனடாவுக்கு வந்துவிட்டேன். அவர் கொழும்பில் நின்றுவிட்டார். இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்ப ஏஜென்சிக்காரனுக்கு வழியில்லையாம். பெண்பிள்ளை முதலில் போகட்டும், பிறகு அவள் கூப்பிடட்டும் என்று பெரியவர்கள் முடிவுகட்டினார்கள். நானும் கூப்பிட்டேன். ரொறன்ரோவில் என் அகதிக் கேஸ் சரிவந்து, அவரை எடுக்க விண்ணப்பித்து, அவர் அங்கே மெடிக்கல் எடுத்து, விசா வருமுன் அந்த மெடிக்கல் காலாவதியாகி, திரும்பவும் எடுத்து... தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் குடும்ப வாழ்க்கை இப்படித்தான் நடந்தது. "அவர் எப்ப வாறார்?" என்று கோயிலில் கேட்பார்கள். தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்கும்போதும் கேட்பார்கள். எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா?

ஞாயிற்றுக்கிழமைகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அவருக்குப் போன் எடுப்பேன். அங்கே திங்கள் விடிந்திருக்கும். வெள்ளவத்தையில் அவர் தங்கியிருந்த லொட்ஜின் நடையில் ஒரு போன் இருந்தது. அதன் பக்கத்தில் வந்து நிற்பார். முதல் வருடம் நாங்கள் கதைத்த கதைக்கு அளவில்லை. ஒருவரை ஒருவர் பேசி முடிக்க விடமாட்டோம். போகப்போகக் கதை குறைந்தது. அவருக்கு அங்கே சொல்ல ஒன்றும் இல்லை: அறை, பொலிஸ் பதிவு, திரும்ப அறை. எனக்கும் இங்கே சொல்ல ஒன்றும் இல்லை: டோனட் கடை, பஸ், படுக்கை. "சாப்பிட்டனீரோ?" என்பார். "ஓம், நீங்கள்?" என்பேன். அதற்குப் பிறகு போனுக்குள் இரைச்சல் மட்டும் கேட்கும். சண்டை பிடித்தாலாவது பரவாயில்லை. சண்டைக்கும் ஏதாவது நடந்திருக்க வேண்டுமே.

ஒரு ஞாயிறு, "சரி, வைக்கட்டே?" என்று அவரே முதலில் கேட்டார். அதுவரை எப்போதும் போன் கார்ட்டில் காசு முடிந்துதான் போன் கட்டாகும். அன்றைக்கு எனக்குப் பயம் பிடித்தது. விசா வந்து இந்த மனுஷன் விமானத்தால் இறங்கும்போது நாங்கள் இரண்டு பேரும் யாரோ எவரோ என்று ஆகியிருப்போம் என்ற பயம். அதை யாரிடம் சொல்வது?

நான் வேலைசெய்த டோனட் கடை நகரத்தின் மேற்குப் பக்கம், ஒரு பெரிய பூங்காவுக்கு அருகில் இருந்தது. செப்டம்பரில் கடைக் கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். தொழிலாகவே சைக்கிள் ஓடுகிறவர்களின் போட்டி, ஒருநாள் ஓட்டம், அந்த ஞாயிறு ரோட்டெல்லாம் பூட்டு. பஸ் எங்கே நிற்கும் என்பதுதான் எனக்கு முதலில் வந்த கவலை. ஓட்டத்துக்கு முந்திய ஞாயிறு, போனில் இரைச்சல் தொடங்கியதும், வாயில் வேறொன்றும் வராததால் அதைச் சொன்னேன்.

"சைக்கிள் ஓட்டமோ?" என்றார். குரல் மாறிவிட்டது. ரோட்டு எப்படி, ஏற்றம் இருக்கிறதா, எத்தனை சுற்று, எந்த நாட்டுக்காரர் வருகிறார்கள் என்று கேள்விமேல் கேள்வி. எனக்கு எங்கே தெரியும். "போய்ப் பாரும். முழுக்கப் பாத்து எனக்குச் சொல்லும்" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம் என்று நினைத்தபடி போனை வைத்தேன்.

அவரும் ஒரு சைக்கிள் ஓட்டக்காரர். எங்கள் ஊர்ப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டம் என்றால் ரோட்டோரத்து வீட்டுக்காரர் வாளியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். வெயிலில் ஓடிவருகிறவர்களுக்குத் தலை கொதிக்கும். அவர்கள் தாண்டும்போது தண்ணீர் ஊற்றவேண்டும். ஊற்றாமல் சும்மா நின்று விடுப்புப் பார்ப்பது மரியாதை இல்லை. எனக்குப் பத்தொன்பது வயதில், ஒரு வருடப்பிறப்பு ஓட்டத்தில், இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவருக்கு நானும் ஊற்றினேன். விஷயம் தெரிந்தவர்கள் செம்பால் அள்ளி முதுகில் எறிவார்கள். நான் வாளித் தண்ணீர் முழுவதையும் ஒரேயடியாக முகத்தில் வீசிவிட்டேன். மனுஷன் கண் தெரியாமல் வேலிக்குள் போய் விழுந்தார். கிழிந்த முழங்காலோடு எழும்பி, கோணிய ஹாண்டிலை நேராக்கி, கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் போய்ச் சேர்ந்தார். அடுத்த கிழமை எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, தண்ணீர் ஊற்றியது நீரோ என்று கேட்டார். கேட்ட கேள்வி கலியாணத்தில் முடிந்தது.

ஓட்டம் நடந்த ஞாயிறு விடியவே மழை. ஏரிக் காற்றோடு சாய்ந்து வருகிற மழை. குடையை ஒரு பொருட்டாகவே எடுக்காது. நானும் அண்ணா குடும்பமும் ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். அண்ணா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அஜக்ஸில் வீடு பார்க்கப் போய்விட்டார். அவரின் மனைவி, என் மச்சாள், எனக்குத் துணையாக வந்தார். விருப்பத்தோடு வரவில்லை. மழைக்குள் சைக்கிள் ஓடுகிறதுகளுக்கு விசர் என்றும், அதைப் பார்க்கப் போகிற எனக்கு அதைவிட விசர் என்றும், தனியே விட்டால் அண்ணா தன்னைத்தான் பேசுவார் என்றும் சப்பாத்துப் போடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இஞ்சி போட்ட பிளேன்ரீயை பிளாஸ்க் நிறைய ஊற்றி எடுத்து வந்ததும் அவர்தான்.

சப்வேயில் என் பையைத் தூக்கி மடியில் வைத்த மச்சாள், இதென்ன பாரம் என்று திறந்து பார்த்தார். உள்ளே ஒரு பெரிய ஜூஸ் போத்தல், நிறையப் பைப்புத் தண்ணீர். காலையில் நான்தான் கழுவி நிரப்பியிருக்கிறேன். நிரப்பும்போது ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் சைக்கிள் ஓட்டத்துக்கு வெறுங்கையோடு போவது எப்படி என்று கை தன்பாட்டில் செய்துவிட்டது.

"வானம் ஊத்துது. நீர் வேற ஊத்தப்போறீரோ?" என்றார் மச்சாள். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. இறங்கியவுடன் அதைக் கொட்டியிருக்கலாம். மனம் வரவில்லை. பையின் பிடி அறுந்துபோனதால் போத்தலை ஜாக்கெற்றுக்குள் செருகிக்கொண்டேன். வயிற்றுப் பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. மச்சாள் அதைப் பார்த்து ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தார், பிறகு சொல்லவில்லை.

பூங்காவைச் சுற்றி வந்து, இரண்டு தெருக்களால் இறங்கி, ஒரு ஏற்றத்தால் திரும்ப ஏறுகிற வட்டம் அது. முதல் சுற்றைக் கீழே வளைவில் நின்று பார்த்தோம். மோட்டார் சைக்கிள்கள் வந்தன, கார் ஒன்று வந்தது, பிறகு நனைந்த டயர்களின் ஒரு பெரிய 'ஸ்ஸ்' சத்தம். எங்கள் முகத்தில் ரோட்டுத் தண்ணீரை அடித்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். மச்சாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவுதானோ என்றார். நான் பயந்துபோனேன். இரவு அவருக்கு இந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

பக்கத்தில் நின்ற சனம் கலையாமல் பூங்காவுக்குக் குறுக்கே ஓடத் தொடங்கியது. ஓட்டக்காரர் சுற்றி வருவதற்குள் குறுக்கு வழியால் ஏற்றத்துக்குப் போய்விட்டால் அங்கேயும் பார்க்கலாம் என்று விளங்கியது. நாங்களும் ஈர இலைகளில் வழுக்கி வழுக்கி ஓடினோம். ஏற்றத்தில் இத்தாலிக்காரர் கொஞ்சப்பேர் இரண்டு மரங்களுக்கு நடுவே நீலப் படங்கு கட்டி நின்றார்கள். ஒரு வயதான மனுஷன் சட்டி மூடி இரண்டை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தலைமயிர் நனையாமல் பொலித்தீன் பையைக் கட்டியிருந்தா. எங்களைக் கண்டதும் இடம்விட்டு, படங்குக்குக் கீழே இழுத்துக்கொண்டா. எங்கள் இஞ்சித் தேநீர் அவவுக்குப் போனது, அவவின் கோப்பி எங்களுக்கு வந்தது.

இந்த மழையில் யாருக்காக வந்திருக்கிறாய் என்று அவ ஆங்கிலத்தில் கேட்டா. என் கணவருக்காக என்றேன். அவர் கொழும்பில் இருக்கிறார், பார்த்து வந்து சொல்லச் சொன்னார் என்று மீதியையும் சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வரும். அதற்குள் அவவின் முகம் மலர்ந்துவிட்டது. எவர், எவர் என்று என் கையைப் பிடித்தா. அப்போது கூட்டம் ஏறிப் போய் முடிந்து, வெகுதூரம் பின்னால் ஒருவர் தனியாக ஏறி வந்தார். முகம் முழுவதும் சேறு. வெள்ளையா கறுப்பா என்று தெரியாது, சட்டையின் நிறமும் தெரியாது. சைக்கிளின் மேல் எழும்பி நின்று, இடமும் வலமும் ஆடி ஆடி உழக்கினார். என் கணவரும் ஏற்றத்தில் அப்படித்தான் உழக்குவார். நான் அந்த ஆளை நோக்கிக் கையை நீட்டினேன்.

"உமக்கென்ன நடந்தது?" என்றார் மச்சாள் தமிழில்.

"சும்மா இருங்கோ மச்சாள்" என்றேன்.

அதற்குப் பிறகு அந்தப் படங்கின் கீழ் நின்ற அத்தனை பேருக்கும் அவர்தான் ஆள். முன்னால் ஓடுகிறவர்களுக்குக் கைதட்டிவிட்டு, கடைசி ஆளுக்குத்தான் தொண்டை கிழியக் கத்தினார்கள். சட்டி மூடி அவருக்குத்தான் தட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் அவர் ஏறும்போது அந்த அம்மா என் தோளைப் பிடித்து முன்னுக்குத் தள்ளுவா. இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு பார்த்தால் மச்சாளும் குடையை ஆட்டி, "உழக்கும் தம்பி, உழக்கும்" என்று கத்திக்கொண்டு நிற்கிறார்.

நான் அந்த ஆளின் கால்களையே பார்த்தேன். அப்போது ஒன்று உறைத்தது. என் கணவருடைய முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது, நான் விழுத்தியதில் வந்த தழும்பு. அது இடமா வலமா என்று எனக்கு மறந்துபோயிருந்தது. எவ்வளவு நினைத்தும் வரவில்லை. முன்னால் மழையும் சனமும் சத்தமும். நான் கட்டின மனுஷனின் முழங்கால் தெரியாமல் நின்று அழுதேன். மழை என்றபடியால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த சுற்றில் அந்தக் கடைசி ஆள் எங்களுக்கு முன்னாலேயே காலை ஊன்றிவிட்டார். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடம்பு நடுங்கியது. கையுறையால் கண்ணைத் தேய்க்கத் தேய்க்கச் சேறு இன்னும் உள்ளே போனது. அவ்வளவுதான், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா என்னைத் தள்ளினா, போ, போ, உன் புருஷன் என்று. ஓட வழி ஏது? தடுப்புக்குக் கிட்டப் போனேன். கையில் வேறொன்றும் இல்லை, ஜாக்கெற்றுக்குள் இருந்த போத்தல்தான். என் உடம்புச் சூட்டில் இவ்வளவு நேரமும் கிடந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் நெற்றியைப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்து, மெல்ல மெல்லக் கண்ணில் ஊற்றினேன். சேறு கரைந்து வழிய, உள்ளே ஒரு பொடியனின் முகம் வந்தது. பூனைக்கண். மீசை சரியாக அரும்பவில்லை. என் கணவரோடு எந்த விதத்திலும் பொருந்தாத முகம். மச்சாள் பிளாஸ்கின் மூடியில் தேநீரை நீட்ட, ஒரே மடக்கில் குடித்தான். எனக்கு விளங்காத பாஷையில் ஏதோ சொன்னான். சட்டி மூடிக்காரர் சைக்கிள் சீற்றில் கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். ஏறிப் போய்விட்டான்.

வென்றது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் முடிவுக் கோட்டுக்குப் போனபோது மேடையில் பூக்கொத்துக் கொடுத்து முடித்து, தடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இத்தாலிக்காரரும் எங்களோடு நின்றார்கள். வெகுநேரம் கழித்து அவன் வந்தான். கோட்டைத் தாண்டியதும் யாரோ கம்பளியால் போர்த்தி அழைத்துப் போனார்கள். அந்த அம்மா என்னை முத்தமிட்டு, வீட்டுக்குப் போய் உன் ஆளுக்குச் சூடாக ஏதாவது கொடு என்றா. நான் தலையாட்டினேன்.

அன்றிரவு, போனின் முதல் மணி அடித்து முடியுமுன் அவர் எடுத்துவிட்டார். நான் மழை, வளைவு, ஏற்றம், சட்டி மூடி எல்லாவற்றையும் சொன்னேன். வென்றது யார் என்று கேட்டார். தெரியாது, கடைசியாக வந்தவனை மட்டும்தான் தெரியும் என்றேன். அவர் சிரித்தார். தண்ணீர் கொண்டுபோன கதையைச் சொன்னபோது இன்னும் சிரித்தார்.

"என்னெண்டு ஊத்தினீர்? ஒரேயடியாவோ?"

"இல்லை, மெல்ல."

"எனக்கும் அப்பிடி ஊத்தியிருந்தா வெண்டிருப்பன்."

"உங்கட தழும்பு எந்த முழங்காலிலை?" என்று கேட்டேன்.

"வலது" என்றார். "மறந்துபோனீரோ?"

ஓம் என்றேன். பொய் சொல்ல வரவில்லை. பிறகு, சொல்லாமல் வைத்திருந்த மீதியையும் சொன்னேன். அந்தச் சனம் அவனை நீங்களென்று நினைத்தது, நான்தான் கையைக் காட்டினேன், கடைசிவரை இல்லை என்று சொல்லவில்லை.

இரைச்சல் கேட்டது. வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப, அந்தச் சனத்துக்கு நான் அங்க வந்திட்டன்" என்றார்.

"ஓம், வந்திட்டீங்கள். நல்லா நனைஞ்சு வந்தனீங்கள்" என்றேன்.

பிறகு, அந்தப் பொடியன் கியரை எந்தப் பல்லில் மாற்றி அந்த ஏற்றத்தை ஏறினான் என்று கேட்கத் தொடங்கினார். எனக்குத் தெரியாது, ஆனாலும் ஏதோ சொன்னேன். இல்லை, அப்படி இருக்காது என்று மறுத்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்குக் கார்ட் முடிந்துதான் போன் கட்டானது.