எண்ணெய் இரண்டு முறை வார்த்த வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் ஜெப வீட்டில் பெண்கள் கூட்டம். இருங்காட்டுக்கோட்டையில் லாரிகள் நிற்கிற சாலைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பாட்டு, ஜெபம், கர்த்தர் செய்ததை ஆளாளுக்குச் சொல்கிற சாட்சி, பிறகு வேத வாசிப்பு. பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வசனம் வாசிப்போம். முதல் ஆள் முதல் வசனம், இரண்டாம் ஆள் இரண்டாம் வசனம் என்று சுற்றி வரும். அடுத்த வாரம் எந்தப் பகுதி என்பதைப் பாஸ்டரம்மா இந்த வாரமே சொல்லிவிடுவார்.

என் இடம் ஐந்தாவது, ஜன்னல் ஓரம். எட்டு வருஷமாக அங்கே வேறு யாரும் உட்கார்ந்தது இல்லை. நான் உட்கார விட்டதும் இல்லை. யாராவது வராவிட்டால், எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்படி ஆளை நகர்த்தி உட்கார வைத்துவிடுவேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு படிப்பேன். ரேஷன் கடைப் பலகை படிப்பேன். எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கூட்டிச் சொல்லாக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான். வேதத்திலோ எழுத்து பொடி, சொற்கள் நீளம். நாலு பேர் முன்னால் எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு மனசு இல்லை. கம்பெனி கேன்டீனில் காய் வெட்டும் பெண்களுக்குப் பதினைந்து வருஷம் மேஸ்திரியாக இருந்தவள் நான்.

அதனால் ஒரு வழி செய்துகொண்டேன். மகன் என் போனில் வேதம் வாசிக்கிற ஓர் ஆண் குரலைப் போட்டுக் கொடுத்திருந்தான். வியாழக்கிழமை மத்தியானம் அடுப்படியில் போனை வைத்து ஐந்தாம் வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். வெங்காயம் உரித்து முடிவதற்குள் மனப்பாடம் ஆகிவிடும். மறுநாள் புத்தகத்தை மடியில் விரித்து, விரலை வைத்துக்கொண்டு சொல்வேன். கண்ணாடிகூடப் போடுவதில்லை. பாஸ்டரம்மா ஒருமுறை அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டபோது, "கர்த்தர் குடுத்த கண்ணு" என்றேன். கண்ணைக் கொடுத்தது அவர்தான், இதில் பொய் எங்கே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்குத் தரிசனம் எதுவும் வந்தது இல்லை. உலை கொதிக்கும்போது இரண்டு வார்த்தை, படுக்கும்முன் இரண்டு வார்த்தை கர்த்தரிடம் பேசுவேன். அவர் கேட்பார் என்று இருந்துவிடுவேன். ஆனால் வியாழக்கிழமை ஏறிய வசனம் வாரம் முழுக்க என் வாயில் கிடக்கும், பாத்திரம் கழுவும்போது, ரோட்டைக் கடக்கும்போது. படித்தவர்கள் படியிறங்கியதும் மறந்துவிடுவார்கள். அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது.

ஒரு வாரம், வீட்டில் ஒரு குடம் எண்ணெய் மட்டும் வைத்திருந்த விதவையின் கதை. அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அவள் எண்ணெய் வார்க்கிறாள். கதவைச் சாத்தி வார்க்கிற வசனம் ஐந்தாவது.

அன்று ஒரு புதுப் பெண் வந்தாள். தூத்துக்குடிப் பக்கம், ஒரகடத்தில் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை, எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள். அந்த மாதம் அவளுக்கு செகண்ட் ஷிஃப்ட், மதியம் ஒரு மணிக்குக் கம்பெனி பஸ். பாட்டு முடிகிற நேரத்தில் வந்து, கிடைத்த இடைவெளியில் மூன்றாவதாக உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேனே தவிர, என் எண்ணிக்கை ஒன்று தள்ளிப்போனதைப் பார்க்கவில்லை.

எனக்கு முன்னால் வாசிப்பவள் என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வாயைத் திறந்தாள். கதவு சாத்தினாள், எண்ணெய் வார்த்தாள். அது என் வசனம்.

அடுத்தது நான். ஆறாம் வசனத்தின் முதல் எழுத்தை விரல் தேடியது. எல்லாரும் காத்திருந்தார்கள். வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த அந்த ஒன்றையே, பிசகாமல், நிறுத்திச் சொன்னேன்.

"இத இப்பத்தானேம்மா வாசிச்சாங்க?" என்றார் பாஸ்டரம்மா.

"தெரியும். வேணும்னுதான் வாசிச்சேன். ஒரு தடவை கேட்டா காதோட போவுது. ரெண்டு தடவை கேட்டாத்தான் மனசுல நிக்கும்."

மடியில் வேதம் திறந்தபடி இருந்தது.

பாஸ்டரம்மா யோசித்தார். "நல்ல விஷயம்மா. அடுத்த வாரத்துலேருந்து எல்லாரும் ரெண்டு ரெண்டு தடவை வாசிப்போம்."

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "யக்கா, அந்தம்மா ரெண்டாந்தபா கதவ சாத்தினாங்களே, மொத தபா தாப்பா போடலியா?"

"வாய மூடிக்கினு வா."

"இல்லக்கா, எண்ணெ எவ்ளோ மிச்சம் கீதுன்னு பாத்தேன்."

அடுத்த வெள்ளி எல்லா வசனமும் இரண்டு முறை வாசிக்கப்பட்டது. கூட்டம் நீண்டது. அந்தப் புதுப் பெண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு அவளைத் தெருக்குழாயடியில் பார்த்தேன்.

"வேலைக்குப் போவல?"

"பஸ் போயிட்டு பெரியம்மா. ஷேர் ஆட்டோ பிடிச்சுப் போனேன். கேட்லயே திருப்பி அனுப்பிட்டாவ, ஆப்சென்ட் போட்டாச்சுன்னு. வாசிப்புக்கு நடுவுல எப்படி எந்திரிக்கன்னு இருந்துட்டேன்." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "நீங்க சொன்னது சரிதான் பெரியம்மா. ரெண்டு தடவ வாசிச்சா மனசுல நிக்கி."

அவள் குத்திப் பேசவில்லை. நம்பித்தான் சொன்னாள். அந்த வாரம் உலை கொதித்தபோது எனக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை.

மறு வெள்ளி, சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்தேன். முழங்கால் வலியால் எப்போதும் உட்கார்ந்தே பேசுகிறவள் நான். அன்று எழுந்தேன்.

"எனக்கு சரளமா படிக்க வராது. எட்டு வருஷமா போனைக் கேட்டு மனப்பாடம் பண்ணித்தான் சொல்லிக்கினு இருந்தேன். அன்னிக்கு வரிசை மாறினது தெரியாம அதையே திருப்பிச் சொன்னேன். வேணும்னு செஞ்சேன்னு சொன்னது பொய். அதால இந்தப் பொண்ணுக்கு ஒரு நாள் வேலை போச்சு. இனிமே ஒரு தடவை வாசிச்சா போதும்."

உத்தரவு போடுகிற மாதிரிதான் சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் பேசினாள். "யக்கா, நம்ம ரெண்டு வூட்டுக்கும் நடுவுல ஒத்தக்கல்லு செவுரு. வியாழக்கிழமையானா அந்த ஆம்பள ஒரே வசனத்த இருவது தபா சொல்றாரு. எனக்கே மனப்பாடம் ஆயிடுது."

"அப்ப ஏன் இன்னான்னு கேக்கல?"

"கேட்டா நீ சும்மா வுடுவியா?"

பெண்கள் சிரித்தார்கள். பாஸ்டரம்மா பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு, "உங்களுக்குக் கேட்டா போதுமாம்மா, வாசிக்கணுமா?" என்றார்.

"வாசிக்கணும். நேரமாவும். அந்தப் பொண்ணு மொதல்ல வாசிச்சிட்டு பஸ்ஸுக்குப் போவட்டும். நான் கடைசி."

இப்போது என் இடம் கதவு ஓரம். கண்ணாடி வாங்கிக்கொண்டேன். விரலை வைத்து, எழுத்தைக் கூட்டி, ஒரு வசனம் முடிப்பதற்குள் பாதிப் பேர் செருப்பைத் தேடப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள், என்னோடு சேர்ந்து நடக்க.

"அந்த ஆம்பளயே தேவலாம்க்கா" என்றாள் போன வாரம். "வூட்ல சோறு ஆறிக்கினு கீது."

"ஆறட்டும்" என்று சொல்லி, அடுத்த எழுத்தில் விரலை வைத்தேன்.